அத்தானின் சிவப்புக் கார்

என் அத்தானுக்கு எதையும் இன்றைக்கு இருக்கிறபடி பார்க்கத் தெரியாது. முற்றத்தில் ஒரு சேவல் மேய்ந்தால் நாமெல்லாம் சேவலைப் பார்ப்போம். அவர் அதன் அடுத்த கிறிஸ்மஸ் விலையைப் பார்ப்பார். புதுக் குடை வாங்கி வந்தவரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ஊரே கேட்கும்போது, அவர் மட்டும் "வித்தா என்ன போகும்?" என்று கேட்பார். குடைக்காரர் முழிப்பார். "வாங்குன விலையில என்னங்க இருக்கு? அது முடிஞ்சுபோன கதை" என்று சொல்லிவிட்டு அத்தான் நடந்துவிடுவார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கதைதான். அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றபோது, அவர் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத யாருக்கும் குடுத்துறாதீங்க மாமா. இன்னும் பத்து வருசத்துல இதோட மதிப்பே வேற" என்றார் அப்பாவிடம். அந்தக் கடிகாரம் நின்று வெகுநாளாகியிருந்தது. அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அப்பாவுக்கு மனம் குளிர்ந்துபோய் அக்காவையும் கொடுத்தார், கடிகாரத்தையும் கொடுத்தார். "அன்னைக்கு அவரு பாத்தது என்னையவா கடிகாரத்தையவான்னு எனக்கு இன்னும் தெரியலடி" என்று அக்கா பின்னாளில் சொல்வாள்.

அத்தான், கொஸ்லந்தைக்கும் பெரகலைக்கும் இடையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். பறித்த கொழுந்து ஃபெக்டரிக்குள் வந்து தேயிலையாகி வெளியே போகிறவரைக்கும் அவர் பொறுப்பு. நெட்டையான, ஒல்லியான மனிதர். காக்கி அரைக்காற்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட மேசு என்கிற காலுறையுமாக, இரண்டு காலில் நடக்கிற ஏணிபோல இருப்பார். அப்பா இறந்த பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை கிடைத்தது. அப்படித்தான் அவரைப் பக்கத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் வாய்த்தது.

இவ்வளவு விலை பேசுகிறவர் எதையாவது விற்று நாங்கள் பார்த்ததில்லை. மேலே சொன்ன சேவல் அடுத்த கிறிஸ்மஸுக்குக் கூடுதல் விலை போகும் என்று காத்திருந்து, அதற்கடுத்த கிறிஸ்மஸுக்கு இன்னும் கூடுதலாகப் போகும் என்று காத்திருந்து, கடைசியில் கூவக்கூடத் தெம்பில்லாமல் கிழடாகிச் செத்துப்போனது. கறி வைக்கவும் முடியவில்லை. கொய்யா மரத்தடியில் புதைத்தோம்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்துச் சின்னத்துரையும் மூட்டை கட்டினார். அவரிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். தலைக்கு மேல் தகரம் கிடையாது, வேண்டுமானால் மாட்டிக்கொள்ள ஒரு துணிக்கூரை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சின்னத்துரை அதில் பெரகலை வளைவுகளில் ஏறும் சத்தம் கேட்டால், நாய்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் ஓடி ஒளியும். ஒரு நாள் மாலை அந்தச் சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் அத்தான். வீட்டுக் கூரை மாற்றுவதற்கென்று அக்கா சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதற்குள் போயிருந்தது.

"நாலு புள்ளைகளப் பெத்துட்டு ரெண்டு சீட்டுக் கார வாங்கிட்டு வந்திருக்கீங்களே, இதுல யாரு ஏறுறது?" என்றாள் அக்கா.

"நாம ஏறுறதுக்கு வாங்கலடி. விலை ஏறுறதுக்கு வாங்குனது."

பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், காருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "இந்த மாதிரி வண்டிய இனிமே செய்ய மாட்டான். செஞ்சதும் ஒவ்வொண்ணா ஒடஞ்சு, துருப்பிடிச்சு, செத்துப்போகும். கடைசியில ஒண்ணே ஒண்ணு நிக்கும் பாரு, அது நம்மளது. இருபது வருசம் பொறு. பண்டாரவளையில ஒரு மாடி வீடு. வண்டிச் சாவியக் குடுத்துட்டு வீட்டுச் சாவிய வாங்கிக்கலாம்."

"மழை பெஞ்சா ஒழுகுற வீட்டுல உக்காந்துக்கிட்டு மாடி வீடு!" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, குத்தலாகத்தான், "அடுப்படி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"கெழக்கால" என்றார் அத்தான், சட்டென்று.

அன்றிலிருந்து அந்த மாடி வீடு எங்களோடு வாழ ஆரம்பித்தது. கார் கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடந்தது. சனிக்கிழமைதோறும் போர்வையை எடுத்து, மேசு மட்டும் போட்ட காலோடு ஏறி உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கி, கண்ணை மூடிக் கேட்பார். கொட்டகை வாசல் வரைக்கும் முன்னால் ஓட்டுவார். அப்படியே பின்னால் கொண்டுபோய் விடுவார். அவ்வளவுதான் அதன் பிரயாணம். துணிக்கூரையை மடித்தால் மடிப்பு விழும், மாட்டி வைத்தால் தொய்யும் என்று, அதற்கு அக்காவின் அலுமாரியைக் கொடுத்துவிட்டார். அக்காவின் சேலைகள் தகரப்பெட்டிக்குப் போயின.

பிள்ளைகள் காரைத் தொட்டால் அடிக்க மாட்டார். வீட்டின் எந்தப் பகுதி போயிற்று என்று சொல்வார். "கைய எடு, ஒரு ஜன்னல் போயிரும்." "யாரு இங்க சாஞ்சது? குளிக்கிற அறையே போச்சு!" சின்னவன் ஒருமுறை ஒலிப்பானை அமுக்கிவிட்டு, அவனே பயந்துபோய், "அப்பா, மாடிப்படி போயிருச்சா?" என்று அழுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களில் அவர் சொன்னது பலிக்கிறாற்போலவே இருந்தது. வெளியிலிருந்து கார்கள் வருவது நின்றுபோனது. ஓட்டை உடைசலுக்குக்கூட யானை விலை. பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு எங்கள் கொட்டகையில் இப்படி ஒன்று தூங்குகிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். நல்ல பருமனான, சிரித்த முகமுள்ள மனிதர். வந்தார், போர்வையை நீக்கச் சொன்னார், பார்த்துக்கொண்டே நின்றார்.

"டீமேக்கர், நான் சும்மா வரல்ல. கையில காசோடதான் வந்தீக்கிறன்" என்று ஒரு விலை சொன்னார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பண்டாரவளையில் நல்ல கல்வீடு ஒன்று வாங்கப் போதுமான விலை. மாடி மட்டும் இருக்காது.

"இன்னும் காயா இருக்கு முதலாளி. பழுக்கட்டும்" என்றார் அத்தான்.

முதலாளி போனதும் அக்கா வெடித்தாள். "கீழ்வீடு போதுங்க! மாடி எதுக்கு நமக்கு? ஏறி இறங்க முழங்கால்தான் நோகும்!"

"மாடி இல்லாம எப்படிடி? நான் எல்லார்கிட்டயும் மாடி வீடுன்னு சொல்லிட்டேனே" என்றார் அவர், உண்மையாகவே வருந்தி.

அதே வருடங்களில்தான், இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத்தில் பலருக்கு இந்தியாவுக்குப் போகிற கடவுச்சீட்டு வந்தது. பிறந்து வளர்ந்த லயத்தைப் பூட்டாமல் விட்டுவிட்டு, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கொண்டுபோக முடியாததையெல்லாம் விற்றார்கள். போகிறவர்கள் எப்படியும் விற்றே ஆக வேண்டும் என்று தெரிந்து, வாங்க வருகிறவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அத்தானின் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற இயந்திரத்தில் நின்ற ஒருவர், தன் பெண்சாதியின் தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

அத்தான் வழக்கம்போல மெஷினைச் சுற்றி வந்தார். "இத இப்பக் குடுக்காதப்பா. பத்து வருசம் வச்சிரு. மூணு மடங்கு போகும்" என்றார்.

"பத்து வருசத்துல நான் எந்த ஊர்ல இருக்கேனோ ஐயா" என்றார் அவர்.

அத்தான் மெஷினை விட்டுக் கையை எடுத்தார். உள்ளே போனார். வந்தார். அந்த மனிதரின் கையில் மூன்று மடங்கு விலையை வைத்தார்.

அக்கா இரவுச் சோறு போடும்போது கேட்டாள். "ஊரெல்லாம் பாதி விலைக்குக் கேக்குறான். நீங்க என்ன மூணு மடங்கு குடுக்குறீங்க?"

"அவன் இங்கயே இருந்திருந்தா அந்த விலை அவனுக்குத்தானே வந்திருக்கும்? போகச் சொன்னது அவன் குத்தமா?"

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். செய்தி லயமெல்லாம் பரவிவிட்டது. எங்கள் வீட்டில் தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தையல் மெஷின் நான்கு சேர்ந்துவிட்டன. போதாததற்கு ஒரு வயதான பசுவும், ஊசியில்லாத கிராமபோன் பெட்டியும்.

பிறகு காலம் மாறியது. கதவைத் திறந்துவிட்டாற்போல ஜப்பானிலிருந்து கார்கள் வந்து குவிந்தன. பழைய கார்களின் விலை விழுந்தது. ரோட்டில் இறங்காத பழைய காரை யார் கேட்பார்கள்? பதுளை முதலாளி தேடி வந்தார், விலை பேச அல்ல. புது வெள்ளைக் காரில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றுப் போட்டுக்கொண்டு. எங்கள் மலையில் குளிர்காற்றுப் போட்டு வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கே பல் கிட்டியிருந்தது.

"என்ன டீமேக்கர், ஒங்கட மாடி வீடு எப்படி ஈக்கி?"

"அத்திவாரம் இறுகுது முதலாளி" என்றார் அத்தான், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். வேண்டியதைப் பிள்ளைகள் மூலம் சொல்வாள். "ஒங்கப்பாவ, அவரோட மாடி வீட்டுல இருந்து எறங்கி வந்து சாப்பிடச் சொல்லு" என்று உரக்கச் சொல்வாள். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலைமையில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்புத்தளையில் பள்ளிக்கூட ஆசிரியர். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். லேசாக இழுப்பு உண்டு. வந்து பேசிவிட்டுப் போனதும் அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ள, அவசரப்படாத. முன் லைட்டு ரெண்டும் இப்பவே மங்கிருச்சு. மூச்சு விடும்போது எஞ்சின் பக்கம் ஒரு சத்தம் வருது, கேட்டியா? இப்ப ஓடும். பத்து வருசம் கழிச்சு?"

"நான் என்ன விக்கவா போறேன் அத்தான்?" என்றேன்.

இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். தலையைச் சொறிந்துகொண்டு ஃபெக்டரிக்குப் போய்விட்டார்.

கலியாணம் அப்புத்தளை மாதா கோயிலில். அக்காவும் பிள்ளைகளும் உறவுக்காரர்களும் காலையிலேயே தோட்டத்து லொறியில் போய்விட்டார்கள். அப்பா இல்லாததால் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அத்தான். நாங்கள் இருவரும் வாடகைக் காருக்காக வாசலில் காத்திருந்தோம். நான் பட்டுச் சேலையும் முக்காட்டு வலையுமாக. அவர் கோட்டும் நீளக் காற்சட்டையுமாக. அந்தக் காற்சட்டை அவருக்கே புதிதாக இருந்தது.

கீழ்நோக்கிப் போன பஸ் ஒன்று வேகம் குறைத்தது. கொண்டக்டர் தலையை நீட்டி, "டீமேக்கரய்யா, ஒங்க வாடகைக் காரு பெரகலையில பொகை விட்டுக்கிட்டு நிக்குது!" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

"மேல போற பஸ்ஸு எப்ப?" என்றார் அத்தான்.

"மத்தியானந்தான்."

"பூசை?"

"பத்து மணிக்கு அத்தான். சாமியாருக்கு அதுக்கப்புறம் தியத்தலாவையில இன்னொரு பூசை இருக்காம்."

படியில் உட்கார்ந்தார். எழுந்தார். கொட்டகைப் பக்கம் பார்க்காமலே இருக்க முயன்று, பார்த்தார். போர்வையை நீக்கும்போது சவப்பெட்டியைத் திறக்கிறவர் போல இருந்தது அவர் முகம்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு, புள்ள."

மணப்பெண்ணாகிய நான் வெறுங்காலோடு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் குழி தோட்டத்து வாசலிலேயே இருந்தது. "ஒரு ஜன்னல்" என்றார் அத்தான். ரோட்டில் கல் ஒன்று தெறித்துக் கீழே பட்டது. "வராந்தா." பெரகலை ஏற்றத்தில் தூறல் பிடித்தது. துணிக்கூரை அக்காவின் அலுமாரியில் நாப்தலீன் உருண்டைகளோடு பத்திரமாக இருந்தது. குடையை விரித்தேன். காற்று அதை ஒரே அடியில் புனலாக்கிவிட்டது.

"அத்தான், சீலை நனையுது!"

"சீலை காஞ்சிரும் புள்ள. இது தோல் சீட்டு."

மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டுவிட்டார்கள். கூடையோடு நிமிர்ந்து நின்று, மலையே அதிர்கிற மாதிரிக் குலவையிட்டார்கள். அத்தான் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒலிப்பானை நீளமாக ஒரு அமுக்கு அமுக்கினார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு, என்ன?" என்றார். அடுத்த இரண்டு குழிகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெரகலையைத் தாண்டியதும் மூடுபனி. வளைவு ஒன்றில், பனிக்குள்ளிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி எங்கள் பக்கமாகவே இறங்கி வந்தது. வலது பக்கம் பள்ளம். அத்தான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. காரை இடது பக்கம் மலையோடு மோதினார். பாறையில் தகரம் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. முன் விளக்கிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் காரின் ஒரு பக்கம் முழுதாக உரிந்துபோய் நின்றோம்.

லொறிச் சாரதி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ மாத்தயா" என்று சிங்களத்தில் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அத்தான் அவரையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை.

"கைய ஆட்டிப் பாரு. இந்தக் கை. கழுத்தத் திருப்பு. அந்தப் பக்கம். எங்கயாச்சும் நோகுதா?"

"இல்ல அத்தான்."

"சரியாப் பாத்துச் சொல்லு புள்ள."

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. "அத்தான், மாடி..." என்றேன்.

"எந்த மாடி?" என்றார் அவர். நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

கோயில் வாசலில் என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அத்தான் இறங்கிக்கொள்ள, அவர் சீட்டின் வழியாக நகர்ந்து வெளியே வந்தேன், பாதி நனைந்த சேலையோடு. சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, வந்தது நான்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அத்தான் கார் பக்கத்தில் குந்தியிருந்தார். உரிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அக்கா அவரை நோக்கி நடந்தாள். இத்தனை வருடம் தேக்கி வைத்ததையெல்லாம் இன்று கொட்டப்போகிறாள் என்று நாங்கள் தள்ளி நின்றோம். லொறிக்காரர் கதையை யாரோ அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தாள்.

"போனது போச்சு. எந்திரிங்க" என்றாள். "வீட்டுக்கு என்னைய இதுல கூட்டிக்கிட்டுப் போங்க. ஒருக்கா ஏறிப் பாக்குறேன்."

அக்கா மெலிந்தவள் அல்ல. சாரதி பக்கத்துக் கதவால் ஏறி அந்தப் பக்கம் நகர்வதற்குள், இரண்டு வீட்டு உறவுக்காரர்களும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் எப்படியோ உட்கார்ந்தாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பி வளைவில் மறைந்தது. அக்கா சிரிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

கெட்டுப்போன பொருளைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை என்று அத்தான் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் கொட்டகையில் தூங்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கோயிலுக்கு அதில்தான் போனார்கள். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டாள். வளைவில் திரும்பும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். வீட்டுக் கூரை ஒரு வழியாக மாற்றப்பட்டது. என் கணவரைப் பற்றி அத்தான் சொன்ன ஆரூடம் பொய்த்தது. முன் லைட்டு மங்கலாகவே, எஞ்சின் சத்தத்தோடேயே, மனிதர் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அத்தான் சொன்னதில் பலித்தது ஒன்றே ஒன்று. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு காலை, நானும் கணவரும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்தார். பழைய கார்களைச் சேர்க்கிறவராம். முற்றத்து ஈர மண்ணில் வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்துக் காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கீறல் பரவாயில்லை, கதவு பரவாயில்லை, இந்த ரகத்தில் ஓடுகிற கார் நாட்டில் இனி கிடைக்காது என்றார். பிறகு ஒரு விலை சொன்னார்.

மாடி வீட்டு விலை. அத்தான் சொன்ன இருபது வருடத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவர் முகத்தில் சந்தோசம் வரும் என்று பார்த்தேன். இரத்தம்தான் வற்றியது. மெல்ல அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"மாடி வீட்டு விலை சொல்றாரு" என்றார், கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில்.

"பூசைக்கு நேரமாச்சு" என்றாள் அக்கா. "அவர இருக்கச் சொல்லுங்க. தங்கச்சி தேத்தண்ணி குடுப்பா. வந்து பேசிக்கலாம்." சாரதிக் கதவைத் திறந்து, பழகிய லாவகத்தோடு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கனவான் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தார். இன்னொரு கோப்பை குடித்தார். பூசை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். மத்தியானம் எங்களோடு சோறு சாப்பிட்டார். அத்தான் விலை பேச வரமாட்டார்போல என்று கடைசியில் அவராகவே விளங்கிக்கொண்டு போய்விட்டார்.

இவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தியத்தலாவை போய், பண்டாரவளை போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டு, எல்ல என்கிற ஊர் வரைக்கும் சும்மா ஓட்டிவிட்டு வந்திருந்தார்கள். அக்காவின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. இறங்கியதும் முந்தானையால் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அத்தான் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தாமல், முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "போயிட்டாரா?" என்று கேட்டார், ஊசி போட வந்த டாக்டர் போய்விட்டாரா என்று கட்டிலுக்கடியிலிருந்து கேட்கிற பிள்ளையின் குரலில்.